மழைக்கு முந்தி வா, மயிலு

“ஹலோ... ஜெயம் கேசட் கடை... ஆமாங்க, ஈப்போதான்... சத்தமாப் பேசுங்கலா, வெளிய லோரி போவுது... யாரு வேணும்?... ஜெயபாலன்தான் பேசுறேன்... இல்லலா, கடை ஆளு இல்ல. நாந்தான். ஜெயபாலனே பேசுறேன்.”

எதிர்முனையில் இருந்தவர் நம்பவில்லை. ஜெயபாலனுக்கு இது பழகிப்போன ஒன்று. ஏழு வருடமாக அவன் குரல் பலகையில் உப்புத்தாள் தேய்க்கிற சத்தமாகத்தான் வந்துகொண்டிருந்தது. முதன்முறை போன் செய்கிறவர்கள் தவறான நம்பர் என்று வைத்துவிடுவார்கள். வைக்காதவர்களுக்கென்று அவன் ஒரு பதில் வைத்திருந்தான்.

“தொண்டையில அடிபட்டுச்சுங்க... அதுலேருந்து கொரலு இப்படித்தான்... ஆமா ஆமா, அந்த ஜெயபாலன்தான். ‘மழைக்கு முந்தி வா மயிலு’ பாடுனவன்... ஹலோ?... இருக்கீங்களா?”

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரே ஒரு பெயர். ஜெயபாலனின் கை தானாகச் சட்டைக் காலருக்குள் போனது. இடது காதுக்குக் கீழே தொடங்கிக் குரல்வளை வரை இழுபட்டிருந்த தழும்பை விரல்கள் தடவின.

“...பத்துமலை?”

கேசட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்த மங்களம் திரும்பிப் பார்த்தாள். நான்கு வருடமாக அந்தக் கடையில் வேலை பார்க்கிறவள். அந்தப் பெயர் இன்னாருடையது என்று அவளுக்கும் தெரியும். ஈப்போவில் தெரியாத தமிழர்கள் குறைவு.

“எப்ப வெளிய வந்த?... நேத்தா?... எனக்குத் தெரியாது. யாரும் சொல்லல... ஆமாண்டா, இதான் என் கொரலு. நீ கேட்டதில்லல? கேளு. நல்லாக் கேளு. உன் கைவேலைதான்... என்ன, சிரிக்கிறியா? அழுவுறியா? எனக்கு வெளங்கல... எங்கேருந்து பேசுற?... எந்த வீடு?... டேய், எந்த வீட்டுலடா நிக்கிற?”

பதில் வருவதற்குள் ஒரு கடிகாரம் அடிக்கத் தொடங்கியது. டங்கென்று விழாமல், சளி பிடித்த மாதிரி இழுத்து இழுத்து அடிக்கும் கடிகாரம். கல்யாணத்துக்கு வந்தது. சிலிபின் பகுதியில் அவன் வீட்டுக் கூடத்தில், தொலைபேசிக்கு நேர் மேலே தொங்குவது. பதினொன்று அடித்து முடியும்வரை எண்ணிக்கொண்டு நின்றான்.

“வீரம்மா எங்க?... எம் பொஞ்சாதி எங்கடா?... போனை அவகிட்ட குடு... குடுடா!”

கத்தப் போனான். காற்றுதான் வந்தது. இருமல் பிடித்துக்கொண்டது. ரிசீவரை விடாமல் மேசையில் குனிந்து இருமினான்.

“வீரம்மா... அழுவாத, அழுவாத... சொல்லு. கையில என்ன வெச்சிருக்கான்?... பாராங் கத்தியா... வெட்டுனானா?... ரத்தமா? எங்க ரத்தம்?... கால்லயா... கண்ணாடி கிழிச்சதா. சரி. சரி சரி. அசையாத. எங்க நிக்கிறியோ அங்கயே நில்லு... நான் இருக்கேன். போன் வெக்க மாட்டேன்.”

பேசிக்கொண்டே, பக்கத்தில் கிடந்த ஒரு கேசட் அட்டையைப் புரட்டி, அதன் பின்புறம் எழுதினான்: ‘வீட்டில் பத்துமலை. பாராங். போலீஸ்.’ மங்களத்திடம் நீட்டினான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் பக்கத்துச் சீனர் கடிகாரக் கடையைக் கைகாட்டினான். அங்கே இன்னொரு போன் இருந்தது. அவள் செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள்.

“யாரு?... ம். பத்து, நான் சொல்றதக் கேளு. சண்டை உனக்கும் எனக்கும். அவள விட்டுரு. நான் வாரேன். கடையச் சாத்திட்டு இப்பவே வாரேன், என்னைய வெட்டிக்க... வர வேணாமா? அப்புறம் என்ன எழவுக்குடா என் வீட்டுக்குள்ள பூந்த?... போன்ல சொன்னாப் போதுமா? என்னா சொல்லணும்?”

அவன் கேட்டது ஜெயபாலனுக்குக் காதில் விழுந்தது. விழாத மாதிரி இருந்தான்.

“தெரியாது... எனக்குத் தெரிஞ்சத கோர்ட்டுல சொல்லிட்டேன். அது எம் பாட்டு.”

அந்தப் பக்கம் ஏதோ பெரியதாக உடைந்தது. மரமும் கண்ணாடியும் சேர்ந்து நொறுங்குகிற சத்தம். வீரம்மா அலறினாள்.

“வீரம்மா! வீரம்மா!... டேய், என்னத்தடா ஒடச்ச?... ரேடியோகிராமா. ஒடை. ஒடச்சுக்க. அவ மேல கை பட்டுச்சு, நீ பத்து காஜா ஜெயிலுக்குத் திரும்பிப் போவ மாட்ட. நானே உன்னைக் கண்டந்துண்டமா நறுக்கி ஆத்துல விடுவேன். இந்தக் கொரலுல சொல்றேன்னு சிரிக்காத. ஏழு வருசமா நெனச்சிருக்கேன்டா. எங்க முதல்ல வெட்டணும், எங்க கடைசியா வெட்டணும்னு... ஆமா... ஆமா! நீ மட்டுந்தான் நெனச்சியா?”

மீண்டும் ஒரு சத்தம். இந்த முறை அதற்குள் ஆறு கம்பிகளின் ஓசை இருந்தது. கித்தார். சுவரில் அடித்திருக்கிறான். கம்பிகள் அறுந்து துடிப்பது போனில் நெடுநேரம் கேட்டது.

அந்தக் கித்தாரை அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கினார்கள். பத்து காஜாவுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் ஒரே லயத்து வீட்டு வரிசையில், சுவருக்குச் சுவர் ஒட்டி வளர்ந்தவர்கள். ஜெயபாலன் பாடுவான். பத்துமலை பால்வாளியைக் கவிழ்த்துப் போட்டுக் கொட்டுவான். தோட்டத்துத் திருவிழாவில் தொடங்கி, ஈப்போ கல்யாண மண்டபங்கள், லூமுட் கடற்கரையில் ஒரு விழா மேடை என்று போனார்கள். வாளி டிரம் ஆனது. நான்கு பேர் கொண்ட பேண்டு ஆனது. ஜெயபாலனின் அகலக் கால்சட்டையையும் நெற்றியில் விழும் முடியையும் பார்க்கப் பெண்கள் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள்.

பாட்டு எழுதத் தெரிந்தவன் பத்துமலை. ஜெயபாலனும் எழுதுவான். ஆனால் அவை இன்னொருவர் பாட்டைப் போலவே இருக்கும். எழுபத்தைந்தில் கோலாலம்பூரில் ஓர் இசைத்தட்டுக் கம்பெனி பாட்டு பதிய அழைத்தது. பாடகனை மட்டும். ஜெயபாலன் தனியாகப் போனான். அங்கே பாடியது ‘மழைக்கு முந்தி வா மயிலு’. எழுதியது யார், மெட்டு யாருடையது என்று கேட்டார்கள். இரண்டுக்கும் அவன் தன் பெயரைச் சொன்னான். சொல்லும்போது பெரிய தவறாகத் தோன்றவில்லை. ஊருக்குப் போய்ச் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தான். அந்த ஆண்டு ஜொகூரிலிருந்து கெடா வரை அந்தப் பாட்டு ஒலிக்காத கல்யாணம் இல்லை. சரிசெய்யவே இல்லை.

மறுவருடத் தீபாவளி நிகழ்ச்சி. மேடையில் வெள்ளைச் சட்டையோடு நின்று, இந்தப் பாட்டை என் வருங்கால மனைவியை நினைத்து நானே எழுதினேன் என்றான் ஜெயபாலன். வீரம்மா முன்வரிசையில் தலைகுனிந்து சிரித்தாள். பல்லவி முடிவதற்குள் பத்துமலை மேடையேறினான். கையில் அடிப்பாகம் உடைந்த பீர் போத்தல். ஒரே இழுப்பு. வலி தெரிவதற்கு முன்னால் ஜெயபாலன் அடுத்த அடியைப் பாட வாயைத் திறந்தான். பாட்டு கழுத்து வழியாகக் காற்றாகப் போயிற்று. மைக்கில் அந்தச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. ரத்தம் பீய்ச்சிக்கொண்டு முன்வரிசையில் இருந்தவர்களின் புதுத்துணியில் விழுந்தது.

கோர்ட்டில் அவனால் பேச முடியவில்லை. எழுதிக் கொடுத்தான். பாட்டு யாருடையது என்று எதிர்தரப்பு வக்கீல் கேட்டார். ‘என்னுடையது’ என்று எழுதினான். மயிலு யார்? ‘என் வருங்கால மனைவி. செல்லப் பெயர்.’ பொறாமையில் செய்த வெறிச்செயல் என்று முடிவானது. பத்துமலைக்குப் பத்து வருடச் சிறை, ரோத்தான் பிரம்பால் ஆறு அடி. நன்னடத்தைக்குக் கழித்தது போக ஏழாம் வருடமே விட்டுவிட்டார்கள்.

“நிறுத்து... நிறுத்துடா. அவள விடு... முடியப் புடிச்சிருக்கியா? அவ அழுவுறது எனக்குக் கேக்குது. பத்து... மலை... தோட்டத்துல உன்னை நான் அப்படித்தானே கூப்புடுவேன், மலைன்னு... வேணாம்... கழுத்துல வெக்காத. அவ கழுத்துல வெக்காதடா. பாட்டுக்கும் அவளுக்கும் ஒண்ணும் இல்ல... ஆமா. ஒண்ணும் இல்லன்னுதான் சொல்றேன்... சொல்றேன்லா! சொல்றேன். போனை அவ காதுல வை.”

நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் வழிந்தது. துடைக்கவில்லை.

“வீரம்மா... கேக்குதா?... நான் சொல்றதக் குறுக்க பேசாமக் கேளு. அந்தப் பாட்டு எம் பாட்டு இல்ல... பயத்துல சொல்லல. நெஜமாவே இல்ல. அவன் எழுதுனது. மெட்டும் அவன் போட்டது... ஆமா... எல்லாம்... ஒரு அடிகூட நான் எழுதல.”

அவள் என்ன கேட்பாள் என்று அவனுக்குத் தெரியும். ஏழு வருடமாக அந்தக் கேள்விக்குப் பயந்துதான், வீட்டில் அந்த இசைத்தட்டு ஓடும்போதெல்லாம் வெளியே எழுந்து போயிருக்கிறான்.

“மயிலு... நீ இல்ல, வீரம்மா.”

“...”

“அவன் அக்கா. மயிலம்மா. அம்மா செத்தப்புறம் அவதான் அவனை வளத்தா. கித்தா மரம் வெட்டிப் பாலெடுக்கப் போவா... அன்னிக்கு மானம் கறுத்துக்கிட்டு வந்துச்சு. மங்குல பாலு நெறைஞ்சு நிக்கிது, மழை விழுந்தா அத்தனையும் வீணாப் போவும்னு எடுக்கப் போனா. காத்துல மரம் சாஞ்சு... நானும் அவனுந்தான் தூக்கிட்டு வந்தோம். மூஞ்சி அடையாளம் தெரியல. வழியெல்லாம் அவன் சொல்லிக்கிட்டே வந்தான், மழைக்கு முந்தி வந்துரு மயிலு, மழைக்கு முந்தி வந்துருன்னு... அதான் பாட்டு. ஊரே ஆடுச்சு. காதல் பாட்டுன்னு... நானும் அப்படித்தான் பாடுனேன்... தெரியும். தெரிஞ்சுதான் பாடுனேன்... ஆமா, கோர்ட்டுலயும். தெரிஞ்சுதான் எழுதிக் குடுத்தேன்... வீரம்மா, ஏதாச்சும் பேசு... பேசு லா...”

போன் கைமாறுகிற உரசல் கேட்டது. அதே நேரம் மங்களம் கடை வாசலில் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். கையை விரித்து ஐந்து விரல் காட்டினாள். ஐந்து நிமிடம்.

“சொல்லிட்டேன்... நீ கேட்டத சொல்லிட்டேன்ல?... ம்... ம்... என்ன? போறியா?”

ஜெயபாலன் எதிர்பார்க்காதது இது. வெட்டுவான், இன்னும் உடைப்பான் என்றுதான் நினைத்திருந்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். போ, பின்வாசல் வழியாகப் போ, போலீஸ் வருகிறது. அந்த வார்த்தை நாக்கு வரை வந்தது. கை கழுத்தைத் தொட்டது. விரலுக்கடியில் தழும்பு கயிறு மாதிரித் தடித்திருந்தது. அந்தக் கழுத்திலிருந்து இனி ஒரு பாட்டு வராது. வேறு யார் யாரோ பாட அவன் எழுதிக்கொடுத்த முப்பது நாற்பது பாட்டில் ஒன்றுகூட ஒரு மழைக்காலம் தாண்டி நிற்கவில்லை.

“போவாத... இரு. இன்னும் இருக்கு. முழுசாக் கேட்டுட்டுப் போ... கோலாலம்பூர்ல என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரிய வேணாமா?... ஆமா, உன் பேர அங்க சொல்ல நெனச்சேன்... சத்தியமா நெனச்சேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாலு பேரு உக்காந்திருந்தாங்க. டை கட்டிக்கிட்டு. நீ வெறுங்கால் கறுப்பு மூஞ்சியா எங்கூட வந்து நின்னா நல்லா இருக்காதுன்னு தோணுச்சு... நானும் அதே லயந்தான். தெரியும். தெரியும்டா... இரு, வெச்சிராத. நீ ஜெயில்ல இருந்தப்ப ரேடியோவுல போட்டாங்களா?... வார்டன் பாட்டுப் போட்டுக் கேப்பானா... ம்... உன்னையப் பாடச் சொல்லி அடிச்சாங்களா?... எத்தனை தடவை?... சொல்லு, நான் கேக்குறேன். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல.”

பத்துமலை சொல்லத் தொடங்கினான். நிதானமாக, லயத்து வாசலில் உட்கார்ந்து பேசுகிறவனைப் போல. ஜெயபாலனின் கண் கடைச் சுவரில் இருந்த கடிகாரத்தில் இருந்தது. மூன்று நிமிடம் போயிற்று. நான்கு. பத்துமலையின் குரலில் இருந்த வெறி எப்போதோ வடிந்திருந்தது. ஒரு கட்டத்தில் ஜெயபாலன் உண்மையாகவே கேட்கத் தொடங்கிவிட்டான். ரோத்தான் அடி விழுந்த இடத்தில் சதை கிழிந்து, ஒரு மாதம் குப்புறப் படுத்தே கிடந்ததைக் கேட்டபோது அவன் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தான்.

“...மலை. டேய், மலை. நான் ஒண்ணு சொல்றேன் கேளு. சட்டுனு கேளு. நீ இப்ப பின்வாசல் வழியா...”

நாய் குரைத்தது. கதவு உடைகிற சத்தம். மலாயில் யாரோ அதட்டினார்கள்.

“மலை! கையத் தூக்கு! கையத் தூக்கிரு...”

இரண்டு வெடிச்சத்தம். ஒரு நொடி விட்டு மூன்றாவது. காதருகிலேயே ஏதோ விழுந்து உருண்டது. அது ரிசீவர் என்று அவனுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று.

“ஹலோ!... ஹலோ! வீரம்மா!... யாராச்சும் எடுங்கலா! ஹலோ!”

மங்களம் சுவரோடு ஒட்டிக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். போனுக்குள் பூட்சுக் கால்கள் நடந்தன. கண்ணாடித் துண்டுகள் நெரிபட்டன.

“வீரம்மா?... நீயா? உனக்கு ஒண்ணும் இல்லியே?... அவன்?... எங்க பட்டுச்சு?... நெஞ்சுலயா... மூச்சு இருக்கா?... வீரம்மா, மூச்சு இருக்கான்னு கேக்குறேன்... இல்லியா... கையில பாராங்கோட நின்னா அவங்க என்ன செய்வாங்க, சொல்லு, அவங்களுக்கும்... என்னது?... எப்ப கீழ வெச்சான்?... நான் மயிலு நீ இல்லன்னு சொன்னப்பவா?... உங்கிட்டயா குடுத்தான்? உங்கையிலயா?... அடுப்படியில கொண்டுபோய் வெச்சிட்டியா... அப்ப கையில என்னதான் இருந்துச்சு அவனுக்கு?”

அவள் சொன்னாள். ஜெயபாலன் தன் கையில் இருந்த ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து, ஒரு முறை பார்த்தான். மறுபடி காதில் வைத்தான்.

“போனு மட்டுமா?”

“...”

“போலீச நாந்தான் கூப்புடச் சொன்னேன்... உன் கால்ல ரத்தம்னியே, அப்பவே... ஆமா. போறேன்னு சொன்னான்... நாந்தான் இருக்கச் சொன்னேன்... தெரிஞ்சுதான்... வீரம்மா, கடைசியில சொல்ல வந்தேன், ஓடிருன்னு சொல்ல வாயத் தெறந்தேன், அதுக்குள்ள... நம்பு... நம்ப வேணாம். சரி. வேணாம். நீ வீட்டுலயே இரு, நான் வாரேன்... வர வேணாமா?... வீரம்மா? வீரம்மா!”

அவள் போனை வைக்கவில்லை. யாரிடமோ கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் கால் இழுத்து நடப்பது கொஞ்ச தூரம் வரை கேட்டது. பிறகு ஓர் ஆணின் குரல்.

“ஆமா சார்... வீட்டுக்காரந்தான், ஜெயபாலன்... தமிழா சார் நீங்க?... ஆமா, பாடகர்தான். முன்ன பாடுனேன்... வாரேன் சார், ஸ்டேசனுக்கு வாரேன்... பழைய கேசுதான், எழுவத்தாறுல... ஆமா, அதே ஆளு. என் கழுத்த அறுத்தவன்.”

அந்தப் போலீஸ்காரர் எழுதிக்கொண்டே கேட்டார். பேனா தாளில் ஓடுகிற சத்தம்கூட ஜெயபாலனுக்குக் கேட்கிற மாதிரி இருந்தது.

“காரணமா?... பொறாமைன்னு பழைய ரிப்போட்டுல இருக்கா... ஆமா, அப்படித்தான் இருக்கும். நான் எழுதிக் குடுத்ததுதான்.”

ஆமாம் என்று சொல்லிவிட்டு வைத்திருந்தால் எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். செத்தவன் வந்து மறுக்கப் போவதில்லை. வீரம்மாவும் கோர்ட்டுக்குப் போகிறவள் இல்லை. மங்களம் தரையில் உட்கார்ந்தபடியே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்ல சார். பொறாமை இல்ல. அத அடிச்சிருங்க... ஒரு பாட்டு, சார். அந்தாளு எழுதுன பாட்டு. நான் திருடி என் பேருல போட்டுக்கிட்டேன்... வெளையாட்டு இல்ல சார், நெஜமாத்தான். கோர்ட்டுல பொய் சொன்னேன்னும் எழுதுங்க... என்ன ஆவும்னு தெரியும்... ‘மழைக்கு முந்தி வா மயிலு’... ஆமா, அதேதான், உங்க கல்யாணத்துலயும் போட்டிருப்பாங்க... எழுதுனவன் பேரா? பத்துமலை... இல்ல சார், செத்தவன் பேரச் சொல்லல, பாட்டு எழுதுனவன் பேரக் கேட்டீங்க, அதச் சொல்றேன்... ஆமா. ரெண்டும் ஒரே ஆளுதான்... எழுதிட்டீங்களா?... சார், எழுதிட்டீங்களா?... ஹலோ?... ஹலோ...”

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.